உறுதி பெட்டிக்குள், காணி பற்றைக்குள்

(மட்டக்களப்பில் திருச்சபைக் குடும்பங்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பான பெரியோரே, சகோதர சகோதரிகளே, பிள்ளைகளே,

எங்கள் பகுதியில் ஒரு பெரியவரை அடக்கம் செய்து, வந்த சனம் கலைந்த பிறகு வீட்டில் முதலில் தேடப்படுவது காணி உறுதிப் பத்திரம். அந்த உறுதியில் என்ன இருக்கும்? எழுதிக்கொடுத்தவர் பெயர், பெறுபவர் பெயர், நாலு பக்க எல்லை, ஏக்கர் றூட் பேர்ச்சில் விஸ்தீரணம், நொத்தாரிசின் கையெழுத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. இத்தனையும் சரியாக இருந்தும் அந்தக் காணியிலிருந்து ஒரு மரைக்கால் நெல்கூட வீட்டுக்கு வராமல் போகலாம். உறுதி பெட்டிக்குள் இருக்கும். காணி பற்றைக்குள் கிடக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆவிக்குரிய சுதந்தரத்துக்கு, அதாவது தேவன் தம் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த உரிமைப் பங்குக்கு, நேர்வது பெரும்பாலும் இதுதான். யாரும் வந்து களவெடுக்கவில்லை, ஆளாமல் விட்டுவிட்டோம்.

முதலில் உறுதியை வாசிப்போம். எபேசியர் முதலாம் அதிகாரம், 3ஆம் வசனத்திலிருந்து 14ஆம் வசனம் வரை. பவுல் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போகிறார்: உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொள்ளப்பட்டோம், புத்திரராகும்படி முன்குறிக்கப்பட்டோம், இரத்தத்தினாலே மீட்பு, பாவமன்னிப்பு, தேவசித்தத்தின் இரகசியத்தை அறியும் அறிவு, பரிசுத்த ஆவியால் முத்திரை. கடைசியில், ஆவியானவரே 'நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம்' என்கிறார். அச்சாரம் வாங்கியவர்களுக்கு அதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. மிச்சமும் வரும் என்பதற்கு அது பிணை. 1 பேதுரு 1:4 அந்த மிச்சத்தை 'அழியாதது, மாசற்றது, வாடாதது' என்கிறது. அது பரலோகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சுதந்தரம் முதுசமா, தேட்டமா? முன்னாளில் இங்கே நடந்த முக்குவர் வழக்குச் சட்டம் இரண்டையும் வேறுவேறாகத்தான் பார்த்தது. உழைத்துச் சேர்த்தது தேட்டம். முன்னோர் வழியாக இறங்கி வந்தது முதுசம். இரட்சிப்பைத் தேட்டமாக எண்ணுகிறவர், எத்தனை உபவாசம், எவ்வளவு காணிக்கை என்று தன் கணக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். கணக்குக் குறைந்த நாளில் நம்பிக்கையும் குறைந்துவிடும். மரணசாசனம் எழுதினவர் மரித்தால்தான் அது செல்லும் என்று எபிரெயர் 9:16-17 சொல்கிறது. எழுதினவரான கிறிஸ்து மரித்தார், அதனால் சாசனம் செல்லும். உயிர்த்தெழுந்ததால் அதை நிறைவேற்றுகிறவரும் அவரே. இதில் எங்கள் உழைப்பு ஒரு சதமும் இல்லை.

ஆனால் உள்ளே போவது எங்கள் வேலை. யோசுவா 18ஐப் பாருங்கள். தேசம் அடங்கிவிட்டது, கூடாரம் சீலோவில் நிற்கிறது, அப்படியிருந்தும் ஏழு கோத்திரங்கள் தங்கள் பங்கை எடுக்கவில்லை. 'போக நீங்கள் எந்தமட்டும் அசதியாயிருப்பீர்கள்?' என்று யோசுவா கேட்கிறார். கேட்டதோடு விடவில்லை. கோத்திரத்துக்கு மூன்று பேராக, ஏழு கோத்திரத்துக்கு இருபத்தொரு பேரைத் தெரிந்தெடுத்து, போய் நடந்து பார்த்து, ஏழு பங்காகப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் சீட்டு. கால் பதிக்காத இடத்தின் மேல் ஆசை வராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கு முந்தின அதிகாரத்தில் யோசேப்பின் புத்திரர் வந்து இடம் போதாது, பள்ளத்தாக்கில் இருப்பவர்களிடம் இரும்பு ரதங்கள் இருக்கின்றன என்று முறையிடுகிறார்கள். மலைநாடு காடாயிருக்கிறது, அதை வெட்டித் திருத்துங்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில். அம்பாறைப் பக்கம் காடு வெட்டிக் கழனியாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஒரு ஏக்கரைத் திருத்த என்ன பாடு என்று வீட்டில் கேட்டிருப்பீர்கள். வேதவசனத்தை ஆளுவதும் அந்த மாதிரி வேலைதான்.

ஈசாக்கின் மூத்த மகன் ஏசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். மூத்தவனுக்கு இரண்டு பங்கு என்பது பின்னாளில் உபாகமம் 21:17இல் சட்டமாகவே எழுதப்பட்டது. அவ்வளவு கனமான உரிமை அது. அவன் புசித்தான், குடித்தான், எழுந்தான், போய்விட்டான், அலட்சியம்பண்ணினான். ஆதியாகமம் 25:34 அவ்வளவுதான் சொல்கிறது. ஏமாற்றிப் பிடுங்கிய கதை அதற்குப் பிறகு, ஆசீர்வாதத்தில் வருகிறது. மூத்தவனுக்குரிய சேஷ்டபுத்திர பாகம் போனது ஒரு பசியில். விலை பயற்றங்கூழ்.

காணிச் சட்டம் தெரிந்த யாரோ இப்போது மனதுக்குள் கேட்பார்: உறுதிக் காணியில் இன்னொருவர் எதிர் உரிமையோடு பத்து வருடம் தடையின்றி இருந்துவிட்டால் ஆட்சி உரிமை அவருக்குப் போய்விடுமே, ஆவிக்குரிய சுதந்தரமும் அப்படியா? இல்லை. பரலோகத்தில் வைக்கப்பட்டதை எவரும் ஆண்டு பறிக்க முடியாது. இந்த ஒப்புமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. போவது இம்மையில் அதன் பலன். அதைவிட, பிள்ளைகளின் கைக்கு அது போய்ச் சேரும் வழியும் அடைபட்டுவிடுகிறது. நியாயாதிபதிகள் 2:10 அதைத்தான் சொல்கிறது: யோசுவாவின் தலைமுறை போன பின்பு, கர்த்தரையும் அவர் செய்த கிரியையையும் அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று. ஒரேயொரு தலைமுறை போதுமாயிருந்தது.

இன்னொரு வகைக் காணியும் எங்களுக்குத் தெரியும்: பேர்மிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுப்பது. திருத்திப் பயிரிட வேண்டும், நினைத்தபடி விற்க முடியாது, பின்னுரித்தாளியின் பெயரைப் பதிய வேண்டும். லேவியராகமம் 25:23 ஏறத்தாழ இப்படியே பேசுகிறது: தேசம் என்னுடையது, ஆகையால் அறுதியாய் விற்கவேண்டாம், நீங்கள் என்னிடத்தில் புறக்குடிகள். நாபோத் தன் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்கே மறுத்தது பிடிவாதத்தினால் அல்ல. விற்க அவனுக்கு அதிகாரமில்லை. சுவிசேஷமும் அப்படித்தான் எங்கள் கையில் இருக்கிறது. கேட்பவர்களுக்குப் பிடித்தபடி குறைக்கவோ கூட்டவோ எங்களுக்கு உரிமை தரப்படவில்லை.

இங்கே ஒரு வார்த்தை, சிலருக்குக் கசக்கும். 'சுதந்தரித்துக்கொள்' என்றவுடன் மாடிவீடு, வாகனம், கனடா விசா என்று பட்டியல் போடும் பிரசங்கம் பெருகிவிட்டது. ரோமர் 8:17இல் 'கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர்' என்ற இடத்தில் கைதட்டிவிட்டு, வசனத்தின் பின்பாதியை வாசிக்காமல் மூடிவிடுகிறார்கள். பின்பாதியில் 'அவருடனேகூடப் பாடுபட்டால்' என்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அந்தப் பின்பாதியை விட்டுவிட்டு இந்த ஊரில் சுதந்தரத்தைப் பற்றிப் பேச எவருக்கும் யோக்கியதை இல்லை.

இனி, கையளிப்பது எப்படி. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். விசுவாசம் அவனுக்கு வந்த வழியை 2 தீமோத்தேயு 1:5 சொல்கிறது: முதலில் பாட்டி லோவிசாள், பிறகு தாய் ஐனிக்கேயாள். வேறு ஊர்களில் இதற்கு விளக்கம் வேண்டியிருக்கும். குடிவழியைத் தாயைக் கொண்டு எண்ணி, வீட்டைப் பெண்ணுக்கு எழுதும் மட்டக்களப்பில் வேண்டாம். அம்மம்மா வீட்டிலேயே பிள்ளை வளர்கிறது. அதிகாலையில் அவர் முணுமுணுக்கும் ஜெபம் அதன் காதில் விழுகிறது. அந்த வாய்ப்பை வைத்துக்கொண்டு வேதபாடம் முழுவதையும் ஞாயிறு பாடசாலை ஆசிரியரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, கிழமைக்கு ஒரு மணித்தியாலம். மழையும் பரீட்சையும் அதிலும் கழித்துவிடும்.

குடும்ப ஜெபத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், ஒரு அதிகாரம், அதிலிருந்து பிள்ளை கேட்கும் ஒரு கேள்வி, இரண்டு பேருடைய சிறு ஜெபம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வைத்தால் சரியாக ஐம்பத்திரண்டு கிழமையில் முடியும். சனி, ஞாயிறு விடுதலை. நீண்ட அதிகாரத்தை இரண்டு பேர் பங்கிட்டு வாசியுங்கள். மத்தேயுவில் தொடங்கினால் முதல் நாளே வம்ச அட்டவணையில் பிள்ளைகள் தூங்கிவிடும். மாற்குவில் தொடங்குங்கள், பதினாறு அதிகாரம், மூன்று கிழமையும் ஒரு நாளும். ஒரு சுவிசேஷம் முடிந்த மகிழ்ச்சி சீக்கிரம் வரும்.

தொடங்கும் குடும்பங்கள் பல. மூன்றாம் மாதம் பிடித்து நிற்பவை சில. நேரம் பிழையானால் எல்லாம் பிழையாகும். இரவு ஒன்பதரைக்கு வைத்தால் பிள்ளைக்கு நித்திரை, தாய்க்குக் களைப்பு, தகப்பனுக்குப் போன். இராச்சாப்பாட்டுக்கு முன் வையுங்கள், பசி எல்லாரையும் ஒரு இடத்துக்குக் கொண்டுவரும். அடுத்தது, தகப்பன் பிரசங்கம் பண்ணத் தொடங்குவது. அன்று பிள்ளை செய்த குற்றத்துக்கு வசனத்தைப் பிரம்பாக எடுத்தால், பிள்ளைக்கு வசனத்தின் மேலேயே வெறுப்பு வரும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் விளங்காவிட்டால் இக்கால மொழிபெயர்ப்பில் வாசியுங்கள். மனப்பாட வசனத்தை மட்டும் பழையதில் வைத்துக்கொள்ளலாம், அதன் ஓசை நெஞ்சில் நிற்கும். இவை எல்லாவற்றிலும் பொல்லாதது வெட்கம். ஒரு கிழமை விட்டுப்போனால் மறுபடி தொடங்கக் கூச்சப்பட்டு ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள். விட்ட அதிகாரங்களை ஓடி ஓடி ஈடுசெய்ய வேண்டாம். இன்றைய அதிகாரத்திலிருந்து தொடருங்கள்.

அடுத்து, ஈசாக்கின் துரவுகள், அதாவது கிணறுகள். ஆபிரகாம் வெட்டியவற்றைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்தார்கள். ஈசாக்கு அவற்றை மறுபடி தோண்டி, தகப்பன் இட்ட பெயர்களையே இட்டான். அதோடு நிற்கவில்லை; புதிதாகவும் வெட்டினான். ஏசேக்கு, சித்னா இரண்டிலும் வாக்குவாதம் வந்தபோது விட்டு நகர்ந்து, ரெகொபோத்தில் இடம் கண்டான். பழையதைத் திறப்பவனுக்கே புதியதை வெட்டும் கை வருகிறது.

நாங்கள் திறக்க வேண்டிய துரவுகள் எவை? 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் விழுந்தபின், 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கும்வரை, இலங்கைக் கத்தோலிக்கர் ஏறத்தாழ முப்பது வருடம் குருக்கள் இல்லாமல் இருந்தார்கள். வீட்டாரும் மூப்பர்மாரும் சொல்லிக்கொடுத்த செபங்களில்தான் விசுவாசம் உயிரோடிருந்தது. மெதடிஸ்தரின் கதை 1814இல் தொடங்குகிறது. அந்தப் பயணத்தை நடத்தி வந்த தோமஸ் கோக் மே மாதம் நடுக்கடலில் இறந்துபோனார். அவரோடு வந்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தன் மனைவியையும் அதே பயணத்தில் கடலில் அடக்கம் செய்துவிட்டு, காலியில் இறங்கி, தனியாளாக மட்டக்களப்புக்கு வந்தார். இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில், வந்து ஒரு வருடம் நிறையுமுன், அவரும் இறந்தார். இன்று அந்தப் பள்ளிக்கூடமான மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வாசலால் போய்வரும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? கத்தோலிக்கர் கதையை மெதடிஸ்தரும், மெதடிஸ்தர் கதையைப் பெந்தெகொஸ்தேயினரும் தங்களுடையதாக எடுத்துச் சொல்லலாம். ஒரே தகப்பனின் சொத்து.

குடும்பத்துக் கதையையும் எழுதுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கண்ட எங்களுக்குக் காகிதத்தின் ஆயுசைப் பற்றி யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியில் ஆளுக்கொரு பக்கம்: பெயர், ஞானஸ்நானம் பெற்ற திகதியும் ஆலயமும், விசுவாசத்துக்கு வந்த விதம், பிடித்த வசனமும் பாட்டும். திகதிகளை ஆலயப் பதிவேட்டோடு ஒத்துப்பாருங்கள், ஞாபகம் ஏமாற்றும். பிரதி மூன்று இருக்கட்டும்: ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம், ஒன்று படமாக்கி மின்னஞ்சலில்.

பழைய குடும்ப வேதாகமம் இருந்தால், மாரி மழைக்கு முன் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். வெயில் வேண்டாம், தாள் முறியும். ஈரம் இருக்கும்போது பொலித்தீனில் சுற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். கிழிந்த பக்கத்துக்கு ஒட்டுநாடா போடவே போடாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளித்து எழுத்தையும் கொண்டுபோய்விடும். படுக்கவைத்த நிலையில், சுவரில் படாமல் வையுங்கள். கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும். யோசியா ராஜாவின் காலத்தில் நியாயப்பிரமாண புத்தகம் காணாமல் போனது ஆலயத்துக்குள்ளேயே. அவருடைய ஆட்சியின் பதினெட்டாம் வருடத்தில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது, ஆசாரியன் இல்க்கியா கண்டெடுத்தான்.

பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களின் ஜெபத்தைப் போனில் பதியுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, குரல் விளங்கும். மின்விசிறியை நிறுத்தி, போனை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். 'ஜெபம் பண்ணுங்க பெத்தா' என்று திடீரென்று கேட்டால் அவர் கூச்சப்படுவார். முதலில் அவருடைய ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேளுங்கள், பிறகு கஷ்டகாலத்தில் எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள், அதன்பின் பேரப்பிள்ளைகளின் பெயர் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். அவரே நிறுத்தும்வரை இடையில் பேசாதீர்கள். பெயரும் திகதியும் இட்டு, அன்றிரவே இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே போனில் கிடந்தால், அது வாவியில் விழுகிற அன்றைக்கு ஜெபமும் போய்விடும்.