ஐந்தில் நடுப்பெண்

வணக்கம் மக்களே! இன்றைக்கு மேரி பென்னட்டைப் பற்றிப் பேசலாம். யார் அது என்று யோசிக்கிறீர்களா? அதுதான் விஷயமே. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' என்றால் நாயகன் டார்சியைத் தெரியும், நாயகி லிஸ்ஸியைத் தெரியும். லிஸ்ஸி வீட்டில் அவளையும் சேர்த்து ஐந்து பெண்கள். நடுவில் ஒருத்தி எப்போதும் புத்தகமும் பியானோவுமாக இருப்பாளே, அவள்தான். ஜானிஸ் ஹாட்லோ அவளை நாயகியாக்கி 2020-இல் 'தி அதர் பென்னட் சிஸ்டர்' என்று ஒரு நாவல் எழுதினார். அதை பிபிசி பத்து எபிசோடு தொடராக எடுத்திருக்கிறது. மேரியாக எலா ப்ருகொலேரி, அப்பாவாக ரிச்சர்ட் ஈ. கிராண்ட்.

முதலில், 1813-இல் வந்த ஆஸ்டினின் மூல நாவலில் ஓர் இடத்தைப் பார்த்துவிடலாம். நெதர்ஃபீல்ட் மாளிகையில் நடன விருந்து. சாப்பாடு முடிந்ததும் யாராவது பாடலாமே என்கிறார்கள். சொல்லி வாய் மூடவில்லை, மேரி தயார். குரலில் வலுவில்லை, பாடும் விதத்தில் பாவனை அதிகம். ஒரு பாட்டோடு நிறுத்தியிருக்கலாம், இரண்டாவதும் பாடுகிறாள். அது முடிந்ததும் அப்பா எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறார்: "போதும் குழந்தை, ரொம்ப நேரம் எங்களை மகிழ்வித்துவிட்டாய். மற்றப் பெண்களும் கொஞ்சம் பாடட்டும்." காதில் விழாத மாதிரி நடிக்கிறாள் பாவம்.

நாம் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் அப்பா சும்மா எழுந்து வரவில்லை. எப்படியாவது நிறுத்துங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சியது யார் தெரியுமா? நம்ம லிஸ்ஸி! அப்புறம் அவளே தங்கைக்காக வருத்தப்படுகிறாள், அது வேறு. மேரியின் கதையை எடுப்பவர்களுக்கு உண்மையான சவால் இங்கேதான். நமக்கெல்லாம் செல்லமான லிஸ்ஸியை, அவளால் அவமானப்பட்ட தங்கையின் பக்கம் நின்று காட்ட வேண்டும். லிஸ்ஸியைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு மேரியை மட்டும் உயர்த்தினால் அது பாதிக் கதைதான்.

பணத்தையும் பாருங்கள். வீடும் நிலமும் ஆண் வாரிசான காலின்ஸுக்குப் போய்விடும். பெண்களுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு, நாலு சதவீத வட்டி. அதாவது வருஷத்துக்கு 40 பவுண்டு, அதுவும் அம்மாவின் காலத்துக்குப் பிறகு. டார்சியின் வருமானம் வருஷத்துக்குப் பத்தாயிரம்! அந்தக் காலின்ஸ் மூத்த பெண் ஜேனைக் கல்யாணத்துக்குக் கேட்கலாம் என்று வருகிறார். அவளுக்கு வேறு இடம் அமையும் போலிருக்கிறது என்று அம்மா சொன்னதும் லிஸ்ஸிக்குத் தாவுகிறார். அம்மா கணப்பு நெருப்பைக் கிளறி முடிப்பதற்குள் மனம் மாறிவிட்டதாம். லிஸ்ஸி மறுத்ததும் பக்கத்து வீட்டு ஷார்லட். மேரியாக இருந்தால் சம்மதித்திருக்கக்கூடும் என்று ஆஸ்டினே எழுதுகிறார். அவளை யாரும் கேட்கவில்லை.

மேரி என்றதும் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வருகிறதா? ஆஸ்டின் அவளுக்குக் கண்ணாடி கொடுக்கவே இல்லை. 1995 பிபிசி தொடரில் லூசி பிரையர்ஸ் போட்டிருப்பார், அப்படி மனதில் பதிந்துவிட்டது. ஹாட்லோ அதையே கதையாக்கிவிட்டார். எழுத்து மங்குகிறது, மேரிக்குக் கண்ணாடி வேண்டும். போட்டால் எவன் கட்டிக்கொள்வான் என்று அம்மாவுக்குக் கவலை. இந்த அம்மாவை நமக்கு நன்றாகவே தெரியும், இல்லையா? நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பின்னால் லண்டனில் கார்டினர் மாமா வீட்டுக்குப் போனதும் இரண்டு ஆண்கள் அவளைச் சுற்றி வருகிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்காதவள் என்று அவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இது கொஞ்சம் ஓவர்.

இனி ஸ்பாய்லர், வேண்டாதவர்கள் தாவிவிடுங்கள். மேரிக்கு அப்புறம் என்ன ஆனது என்று ஆஸ்டின் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய அண்ணன் மகன் அதைப் பதிவு செய்திருக்கிறார்: மெரிட்டனில் வக்கீலாக இருந்த உறவினர் பிலிப்ஸின் குமாஸ்தா ஒருவரைக் கட்டிக்கொண்டாளாம், அந்தச் சின்ன ஊரில் தான் ஒரு நட்சத்திரம் என்ற திருப்தியோடு இருந்தாளாம். ஹாட்லோ மேரிக்குக் கொடுத்த மாப்பிள்ளை ஹேவர்ட், லண்டன் வக்கீல். இருநூறு வருஷத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு! எனக்கென்னவோ அந்தக் குமாஸ்தாவைத்தான் பார்க்க ஆசை. உங்களுக்கு எந்த முடிவு பிடித்திருக்கிறது? கீழே எழுதுங்கள், சண்டை போடலாம்.