16 வாக்கில் ஓர் ஆசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் ஒரு கல்லூரியின் மாணவர் இதழுக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாளராக இருந்தேன். ஓராண்டு மாணவ ஆசிரியர் பதவிக்கு மூவர் நின்றார்கள். வாக்களித்தவர்கள் 40 பேர். முதலாமவருக்கு 16, அடுத்தவருக்கு 13, மூன்றாமவருக்கு 11. பதினாறு பெற்றவரை வென்றவராக அறிவித்தேன். மற்ற இருவரும் கதை, கவிதைக்குக் கூடுதல் பக்கம் கேட்டவர்கள். ஒரே எண்ணம் கொண்டவர்களின் வாக்கு இரண்டாகப் பிரிந்துபோனது. அந்த 24 பேரில் பலர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. விதியைச் சரியாக வகுக்காதவன் நான்.

மாம்பழக் கடையில் மல்கோவா இல்லையென்றால் இமாம் பசந்த் கேட்கிறோம். வாக்குச்சீட்டிலும் அப்படிக் கேட்கலாமே! பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசையாக எழுதட்டும். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய 11 சீட்டுகளில் இரண்டாவதாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதில் 9 இரண்டாமவருக்கும் 2 முதலாமவருக்கும் போனால் கணக்கு 22, 18 என்று மாறிவிடும்.

நம் குடியரசுத் தலைவரையும் இப்படி விருப்ப வரிசையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1969இல் வி. வி. கிரி முதல் எண்ணிக்கையில் முந்தியும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் விருப்பங்களை எண்ணிய பிறகே வென்றார்.

முதல் இருவருக்கு மட்டும் மறுவாக்கெடுப்பு வைக்கலாமே என்பார்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் பிள்ளைகள் மாலை பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டாம் சுற்றுக்குக் காத்திருக்க முடியுமா? வரிசைச் சீட்டில் இரண்டு சுற்றும் ஒரே தாளில் முடிந்துவிடுகிறது. முதலிடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு என்று கூட்டும் முறையும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வலுவான போட்டியாளரை வேண்டுமென்றே கடைசியில் தள்ளத் தோன்றும்.

இரண்டாம் விருப்பம் எழுதாத சீட்டை என்ன செய்வது, சமமாக வந்தால் உத்திரமேரூர்ச் சபையார்போல் குடத்தில் ஓலையிட்டு எடுப்பதா, இதையெல்லாம் வேட்புமனு வாங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தபின் வகுக்கும் விதி யாரோ ஒருவருக்காக வளையும். எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதி எல்லோர் முன்னிலையிலும் நடத்துங்கள். நீக்கப்பட்டவரும் தன் சீட்டு ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

வணக்கம்.