கூட்டமாகக் கொடுத்த திருமுழுக்கு செல்லுமா?

அடுத்த கேள்வி. "மெக்சிகோவுல அந்தக் காலத்துல பழங்குடி மக்களுக்குக் கூட்டம் கூட்டமா திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்தாங்களே, அது செல்லுமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

இதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. சடங்கைச் சுருக்கினது ஒண்ணு. சம்மதம் இருந்துச்சாங்கிறது இன்னொண்ணு.

சடங்கு பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். 1524-ல ஸ்பெயின்லருந்து பிரான்சிஸ்கன்ங்கிற கத்தோலிக்க சபைத் துறவிகள் 12 பேர் அங்க போய் இறங்கினாங்க. எதிர்ல ஆயிரக்கணக்குல ஜனம். அதனால உப்பு, எண்ணெய், மெழுகுதிரி எல்லாத்தையும் பெரும்பாலும் விட்டுட்டு, தண்ணியை ஊத்தி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே"ன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. மத்த சபைத் துறவிகள் ஆட்சேபிச்சாங்க. வழக்கு ரோமுக்குப் போச்சு. 1537-ல திருத்தந்தை மூன்றாம் பவுல் என்ன சொன்னார்னா, மூவொரு இறைவன் பெயரால கொடுத்தது செல்லும், ஆனா இனிமே அவசரம்னாலொழிய சுருக்காதீங்க. கூட்டம் ஜாஸ்தின்னா உப்பு, உமிழ்நீர், மெழுகுதிரி இதுகளை ரெண்டு மூணு பேருக்குச் செஞ்சா போதும், எல்லாருக்கும் செஞ்ச கணக்கு.

சம்மதந்தான் சிக்கல். குழந்தைக்குப் பெத்தவங்க கேட்டாப் போதும். வளர்ந்தவருக்கு அவரோட சொந்த விருப்பம் வேணும். அது இல்லேன்னா தண்ணி ஊத்தியும் பிரயோசனமில்ல, செல்லாது. விருப்பம் இருந்து, செஞ்ச பாவத்துக்கு மனவருத்தம் இல்லேன்னா? செல்லும், ஆனா அருள் பலன் தராது. இந்த வித்தியாசத்தை நிறையப் பேர் கவனிக்கிறதில்ல.

சரி, மிரட்டலுக்குப் பயந்து தலையாட்டினவர்? 1201-லயே திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் பதில் எழுதிட்டார்: பயந்து ஒத்துக்கிட்டாலும் திருமுழுக்கோட அழியாத முத்திரை விழுந்துடும், அதாவது அது செல்லும், ஒருபோதும் சம்மதிக்காம எதிர்த்தே நின்னவருக்குத்தான் விழாது. எனக்கு உறுத்துற இடம் இதுதான். கட்டாயப்படுத்துறது தப்புன்னு திருச்சபை சொல்லும், ஆனா அப்படி நடந்துட்டா "செல்லும்"னும் சொல்லும். செல்லும்னா திருச்சபைச் சட்டமும் அந்த ஆளைப் பிடிச்சுக்கும். பழைய தெய்வத்துக்கிட்ட திரும்பிப் போனா அது குத்தம். 1539-ல மெக்சிகோவோட டெஸ்கோகோ ஊர்ப் பழங்குடித் தலைவர் டான் கார்லோஸைத் தீயிலிட்டாங்களே, அவர் திருமுழுக்குப் பெத்தவருங்கிறதாலதான் அவர் மேல திருச்சபையோட மத விசாரணையே நடக்க முடிஞ்சது.

அப்புறம் 1541-ல பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா உள்பட ஸ்பெயினோட சலமான்கா பல்கலைக்கழக இறையியலாளர்கள்கிட்டக் கருத்துக் கேட்டாங்க. விசுவாசத்தை மட்டுமில்ல, கிறிஸ்தவ ஒழுக்கத்தையும் போதுமான அளவு சொல்லிக் கொடுக்காம வளர்ந்தவங்களுக்குத் திருமுழுக்குக் கூடாதுன்னாங்க. அதுக்கு அவங்க பாஷையில பாடம் வேணுமே? ஸ்பெயின்காரங்க பிடிச்ச இன்னொரு நாடான பெருவுல, அங்கத்திய மக்களோட கெச்சுவா, அய்மாரா மொழிகள்ல மறைக்கல்வி நூல் அச்சாகி வந்தது 1584-லதான்.