ஷாமோனியில் ஒரு காஸ் டின்னுக்காக

வணக்கம்! வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன், காலி வீதி இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மோன் பிளாங்க் மலையைச் சுற்றி நடந்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பினேன். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று ஏறத்தாழ 170 கிலோமீட்டர். நடையை அடுத்த காணொளியில் சொல்கிறேன். அதற்கு முன் மலையடிவாரத்துப் பிரெஞ்சு ஊரான ஷாமோனியில் தங்கிய இரண்டு நாள் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

நான் எங்கே போனாலும் நம் தேயிலையும் குட்டி அடுப்பும் கூட வரும் என்பது நம் மலையகத்து நடைபாதையான பீகோ பாதைக் காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காஸை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், போய்த்தான் வாங்க வேண்டும். வாங்கினேன். அறைக்கு வந்து பார்த்தால் அடுப்பில் பொருந்தவில்லை! அங்கே அழுத்திப் பூட்டும் டின்னும் விற்கிறார்கள், திருகிப் பூட்டும் டின்னும் விற்கிறார்கள். என் அடுப்பு திருகும் வகை. உறையைப் பிரித்துவிட்டேன் என்று கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். 7 யூரோ! நம் காசில் 2,000 ரூபாய்க்கும் மேல். அன்று இரவு விடுதியில் தந்த வெந்நீரில் தேயிலைப் பையை முக்கி எடுத்த தேநீரைக் குடித்தேன். அதைத் தேத்தண்ணீர் என்று சொல்ல என் வாய் வராது.

சொல்ல மறந்துவிட்டேன், அன்று காலையிலேயே கேபிள் காரில் ஏகுய் டு மிடி சிகரத்துக்குப் போயிருந்தேன். 3,842 மீட்டர், நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையைவிட 1,300 மீட்டர் அதிகம். தலை கனத்தது. ஆனால் ஊர் இருப்பது 1,035 மீட்டரில்தான், நுவரெலியா அதைவிட உயரம்!

ஊர் நடுவே ஒரு சிலை இருக்கிறது. பால்மா என்பவர் சோசூர் என்ற அறிஞருக்கு மோன் பிளாங்க் உச்சியைக் காட்டுகிறார். 1786இல் பால்மாவோடு முதன்முதலாக உச்சியேறிய மருத்துவர் பக்கார் அதில் இல்லை. அவருக்கு வேறோர் இடத்தில் தனிச் சிலை வைத்திருக்கிறார்கள். சேர்ந்து ஏறியவர்களைப் பிரித்து வைத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மறுநாள் அடுப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். மூன்றாவது கடையில் டின்னை அடுப்போடு வைத்துத் திருகிப் பார்த்தேன். மரை பிடித்தது! அந்தச் சின்னக் கிறீச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நேரே ஆர்வ் ஆற்றங்கரைக்குப் போனேன். பனியாறுகள் அரைத்த கல்மாவால் சாம்பல் நிறமாக ஓடும் ஆறு அது. குளிர் கையைக் கடித்தது. சாயம் இறங்கும்வரை காத்திருந்து, இஞ்சி தட்டிப் போட்டு ஊதி ஊதிக் குடித்தேன்.

பொருந்தாத டின்னை விடுதிச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். நடையைத் தொடங்கும் ஊரான லே ஊஷுக்கு பஸ் ஏறப் புறப்பட்ட காலையில் பார்த்தபோது அதை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.