எட்டுப் பத்தி கைது, எட்டு வரி விடுதலை

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எண்பத்திரண்டு வயதிலும் இத்தனை படியேறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நீதிபதி ஐயாவை மேடையில் வைத்துக்கொண்டு என்னைக் கொலை வழக்கு பேசச் சொல்லிவிட்டார்கள். தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துங்கள் ஐயா. தண்டனை மட்டும் வேண்டாம். எனக்கு முன்னால் பேசிய புலவர் ஐயா சிலம்பிலிருந்து ஆறு பாட்டுச் சொன்னார். அந்தக் கோவலன் வழக்கிலும் விசாரணைதான் குறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வழக்குகளைச் சொல்லப் போகிறேன். ஒன்று சென்னை, ஒன்று அமெரிக்கா, ஒன்று பம்பாய். மூன்றுக்கும் சேர்த்துப் பழமொழி ஒன்றுதான். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது.

முதலில் சென்னை. லட்சுமிகாந்தன் என்று ஒருவர். போலி ஆவண வழக்கில் சிறைக்குப் போய், அந்தமான் வரை பார்த்துவிட்டு வந்தவர். 1943-இல் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையரின் படுக்கையறைதான் அதில் செய்தி. பாடி நடித்துப் புகழ்பெற்ற எம்.கே. தியாகராஜ பாகவதரும் சிரிப்பு நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் படத் தயாரிப்பாளர் கோவை ஸ்ரீராமுலு நாயுடுவும் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுக்க, பத்திரிகையின் அனுமதி ரத்தானது. மனிதர் ஓய்ந்தாரா? ‘இந்து நேசன்’ என்று வேறொரு பத்திரிகையோடு வந்தார். அதுவும் நன்றாக விற்றது. வாங்கியது யார்? நம் தாத்தாக்கள்தான். புலவர் ஐயா சிரிக்கிறார்.

1944 நவம்பர் 8. வேப்பேரிப் பக்கம் வழக்கறிஞர் நண்பரைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்துபோனார். அந்த ஆண்டு முடிவதற்குள் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. ஸ்ரீராமுலு நாயுடுவும் சிக்கினார். 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாயுடுவுக்கு விடுதலை, மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் போட்ட அப்பீல் தள்ளுபடியானது. அன்றைக்கு நமக்கெல்லாம் கடைசி நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். வழக்கு அங்கிருந்து மறுபடி சென்னைக்கே வந்தது. 1947 ஏப்ரலில்தான் இருவரும் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். கொன்றது யார் என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

1944 தீபாவளிக்கு வந்த பாகவதர் படம் ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி ஓடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாயகன் ஜெயிலில், படம் தியேட்டரில். டிக்கெட் வாங்கிக் குரலைக் கேட்டுக் கண்ணீர் விட்ட அதே கூட்டம் வெளியே வந்து, “செஞ்சிருப்பாருய்யா” என்று பேசிக்கொண்டு போனது.

இங்கே எங்கள் அத்தைப் பாட்டியைச் சொல்லியாக வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுவேன். பாட்டி பாகவதர் பைத்தியம். கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் பாகவதர் படம், கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார். தினமும் துடைக்கும்போது முருகனுக்கு ஒரு துடை, பாகவதருக்கு இரண்டு துடை என்று என் அப்பா சொல்லுவார். கைதுச் செய்தி வந்த அன்று பாட்டி சாப்பிடவில்லை. படத்தைக் கழற்றி எறியவும் மனம் வரவில்லை. அப்படியே சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டார்! வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், “இது என்ன, அட்டையை மாட்டியிருக்கீங்க?” என்று கேட்பார்களாம். பாட்டி பதில் சொல்ல மாட்டார்.

விடுதலை நடந்தது 1947 ஏப்ரலில். ஆகஸ்ட்டில் சுதந்திரம். பாட்டி மனசில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. “வெள்ளைக்காரன் போறப்ப எல்லாரையும் அவுத்து விட்டுட்டான்” என்றுதான் சாகும்வரை சொன்னார். ரேடியோவில் பாகவதர் பாட்டு வந்தால் உலையில் அரிசி கொதித்துப் பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும், “பாவி, இப்படிப் பாடுற வாயை வெச்சுக்கிட்டு அந்தக் காரியம் பண்ணலாமா?” என்பார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் ஒருநாள் மெனக்கெட்டு உட்கார்ந்து பிரிவி கவுன்சில் வரைக்கும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கோர்ட்டு விட்டுச்சு சரி, ஊரு விட்டுச்சா?” என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

பாட்டி போனபிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தப் படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பக்கத்தில் இருந்த முருகன் வெளிறிப் போயிருந்தார். வெளிச்சமே படாததால் பாகவதர் மட்டும் அப்படியே புத்தம் புதிதாக இருந்தார்.

கலைவாணர் மறுபடி எழுந்து ‘நல்ல தம்பி’, ‘மணமகள்’ என்று வந்துவிட்டார். சிரிக்க வைப்பவனை ஊர் மன்னித்துவிடும்போல. பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. 1948-இல் வந்த ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. 1959 நவம்பர் 1 அன்று காலமானார்.

அப்புறம் அமெரிக்கா. ராஸ்கோ ஆர்பக்கிள், மௌனப்பட நகைச்சுவை நடிகர். 1921 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டல் ஒன்றில் அவர் கொடுத்த விருந்துக்கு வந்த ஒரு நடிகை, சில நாளில் இறந்துபோனார். பழி ஆர்பக்கிள் மேல் விழுந்தது. ஹெர்ஸ்ட் என்ற முதலாளியின் பத்திரிகைகள் அவரை விடாமல் வறுத்தெடுத்தன. இரண்டு விசாரணைகளில், குற்றவாளியா இல்லையா என்று சொல்ல உட்கார்த்திய பொதுமக்களான ஜூரிகளுக்குள் முடிவு எட்டவில்லை. மூன்றாவதில், 1922 ஏப்ரல் 12 அன்று, சில நிமிடங்களில் விடுதலை. விடுதலை மட்டும் போதாது, இவருக்குப் பெரிய அநீதி நடந்துவிட்டது என்று ஜூரிகளே எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆறாம் நாள் அவரைத் திரையிலிருந்தே தடை செய்தார்கள்! தடையை அந்த ஆண்டே நீக்கியும், இழந்த இடம் திரும்பவில்லை. வேறு பெயரில் படம் இயக்கிப் பிழைத்தார். ஊர் வாய் அமெரிக்காவிலும் அதே ஊர் வாய்தான்.

மூன்றாவது பம்பாய், 1959, மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற வழக்கில் நின்ற கடற்படை அதிகாரி நானாவதி. இவர் கதை தலைகீழ். பத்திரிகையே அவரைக் கதாநாயகனாக்கியது. ஜூரி எட்டுக்கு ஒன்று என்று குற்றமற்றவர் என்றது, உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஜூரி முறையைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். நேரமில்லை, நீதிபதி ஐயா சொல்லுவார்.

நான் வந்த காரியம் வேறு. கைதுச் செய்தி முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி, படத்தோடு. அதே ஆள் விடுதலையானால் ஏழாம் பக்கத்தில், வரி விளம்பரத்துக்குக் கீழே எட்டு வரி. எந்தப் பக்கத்தில் கைதோ அந்தப் பக்கத்தில் விடுதலை, அதே எழுத்து அளவில். நான் கேட்பது இவ்வளவுதான். ஊர் வாயை மூட முடியாது, சரி. அந்த வாய்க்குப் பாதிக் கதையையாவது ஊட்டாமல் இருக்கலாமே? பதினோரு வருடமாகப் பத்திரிகை அலுவலகங்களுக்கு எழுதுகிறேன். பதில் வந்தது இரண்டு. அதில் ஒன்று சந்தா புதுப்பிக்கச் சொல்லி.

கையெழுத்து நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து, அவ்வளவுதான். பேனாவை நூலால் மேசையோடு கட்டியிருக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். போன கூட்டத்தில் மூன்று பேனா காணாமல் போய்விட்டது. யார் எடுத்தது என்று நான் யாரையும் சொல்லவில்லை.