ஹைடன்ஹைம்: அவசரப்படாத ஓர் ஊரின் கால்பந்துக் கழகம்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

ஜெர்மனியின் கால்பந்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது, நான் பயர்ன் மியூனிக்கைப் பற்றியோ போருசியா டார்ட்மண்டைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் உங்களில் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றின் வரலாற்றைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஹைடன்ஹைம் என்னும் சிறிய ஊரின் கழகத்தை. நான்காம் நிலைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கழகம், பதினாறே ஆண்டுகளில், ஒரே பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, ஜெர்மனியின் முதல்நிலைப் போட்டியான பன்டஸ்லிகாவுக்கு வந்து சேர்ந்தது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பணத்தால் மட்டும் நடந்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், சுவேபிய ஆல்ப் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில், டான்யூப் நதியில் போய்க் கலக்கும் பிரென்ஸ் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது ஹைடன்ஹைம். மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. ஊருக்கு மேலே ஹெல்லன்ஸ்டைன் கோட்டை நிற்கிறது. கீழே தொழிற்சாலைகள் நிற்கின்றன. நீர்மின் நிலையங்களுக்கான டர்பைன்களையும் காகித ஆலை இயந்திரங்களையும் உலகெங்கும் அனுப்பும் ஃபோய்ட் நிறுவனமும், காயங்களுக்குக் கட்டும் துணிவகைகளைச் செய்யும் ஹார்ட்மன் நிறுவனமும் இந்த ஊரைச் சேர்ந்தவை. கரடி பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஷ்டைஃப் நிறுவனம் அதே மாவட்டத்தின் கீங்கன் ஊரில் இருக்கிறது. கைத்திறனை நம்பி வாழ்ந்த தொழிலாளர் ஊர் அது. அந்த மக்களின் உழைக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு, அவர்களுடைய கழகம் வளர்ந்த விதம் வியப்பளிக்காது.

கழகத்தின் பெயரிலேயே 1846 என்ற ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டில் ஜெர்மனியில் கால்பந்து ஆட்டமே கிடையாது. அப்போது தொடங்கப்பட்டது உடற்பயிற்சிச் சங்கம். நெப்போலியன் காலத்தில் ஃப்ரீட்ரிக் லூட்விக் யான் தொடங்கிவைத்த உடற்பயிற்சி இயக்கத்தில், இளைஞர்கள் கம்பிகளிலும் கட்டைகளிலும் உடலைப் பயிற்றுவித்ததோடு, சிதறிக் கிடந்த ஜெர்மன் நாடுகள் ஒன்றாக வேண்டும் என்ற அரசியலையும் சேர்த்தே பேசினார்கள். அதனால் பிரஷ்யாவில் அந்த இயக்கத்துக்கு 1820 முதல் 1842 வரை தடையே இருந்தது. தடை நீங்கிச் சில ஆண்டுகளில், 1848 புரட்சிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பாக, ஹைடன்ஹைம் இளைஞர்கள் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். இன்று கால்பந்துச் சட்டையில் அந்த ஆண்டைப் பார்க்கிறவர்கள், அது ஆட்டத்தின் வயது அல்ல, ஊர் ஒன்றுகூடியதன் வயது என்று புரிந்துகொள்ளவேண்டும்.

கால்பந்து இங்கிலாந்திலிருந்து வந்தது. 1874-இல் பிரவுன்ஷ்வைக் நகரப் பள்ளி ஆசிரியர் கொன்ராட் கோக் தம் மாணவர்களுக்குப் பந்தை அறிமுகப்படுத்தினார்; 1900-இல் லைப்சிக் நகரில் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் பிறந்தது. உடற்பயிற்சி இயக்கத்தினருக்கு இந்த அந்நிய ஆட்டம் பிடிக்கவில்லை. பல ஊர்களில் பந்தாட்டக்காரர்கள் பழைய சங்கங்களைவிட்டுத் தனியே போனார்கள். ஹைடன்ஹைமிலும் 1911-இல் தனிக் கால்பந்துக் கழகம் ஏற்பட்டது. அதன்பின் பிரிவதும் சேர்வதுமாகப் பல பத்தாண்டுகள் போயின. அந்தப் பெயர் மாற்றங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்ய மாட்டேன். 1972-இல் ஊரின் சங்கங்கள் இணைந்து ஹைடன்ஹைம் விளையாட்டுச் சங்கம் என்று ஒரே குடையின்கீழ் வந்தன என்பதும், 2007 ஜனவரி 1-ஆம் தேதி கால்பந்துப் பிரிவு மட்டும் தனிக் கழகமாகப் பிரிந்தது என்பதும் நமக்குப் போதும்.

உண்மையான தொடக்கம் அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. 1990-களின் நடுவில், அணி வட்டார அளவிலான போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், ஹோல்கர் சான்வால்ட் என்ற உள்ளூர் இளைஞர் கால்பந்துப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அவர் பெரும் முதலாளியைத் தேடிப் போகவில்லை. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த நிறுவனங்களிடம், பெரியது சிறியது என்று பாராமல், ஆதரவு கேட்டார். அப்படிச் சேர்ந்த ஆதரவாளர் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டு நூற்றுக்கணக்கில் வளர்ந்தது. ஒருவர் கைவிட்டாலும் கழகம் விழாது என்ற நிலை இதனால் வந்தது. 2004-இல் அணி அப்போதைய நான்காம் நிலையான ஓபர்லிகாவுக்கு உயர்ந்தது.

2007 செப்டம்பரில் ஓபர்லிகாவில் தடுமாறிக்கொண்டிருந்த அணியின் பயிற்சியாளர் விலக்கப்பட்டார். புதியவர் கிடைக்கும்வரை இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளும்படி, அப்போதுதான் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஃப்ராங்க் ஷ்மிட் என்பவரைச் சான்வால்ட் கேட்டுக்கொண்டார். ஷ்மிட் 1974-இல் ஹைடன்ஹைமிலேயே பிறந்தவர்; ஆகன், மன்ஹைம் முதலிய ஊர்களின் அணிகளில் தற்காப்பு வீரராக ஆடிவிட்டு, 2003-இல் சொந்த ஊருக்குத் திரும்பியவர். அந்த இரண்டு ஆட்டங்களுக்கான பொறுப்பு முடியவே இல்லை. 2023 செப்டம்பரில், ஒரே அணியைத் தொடர்ந்து பயிற்றுவித்ததில், ஃப்ரைபர்க் அணியோடு பதினாறு ஆண்டுகள் இருந்த ஃபோல்கர் ஃபிங்கேயின் ஜெர்மன் சாதனையை அவர் முறியடித்தார். நான்கு ஆட்டங்களில் தோற்றால் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிலில் இது நடந்திருக்கிறது.

இதன் அருமை புரியவேண்டுமானால் அக்கம்பக்கத்தைப் பார்க்கவேண்டும். அதே மாநிலத்தில் ஹோஃபன்ஹைம் என்ற கிராமத்தின் அணி, எஸ்ஏபி (SAP) மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான டீட்மர் ஹாப் கொட்டிய பணத்தால் 2008-இல் பன்டஸ்லிகாவை எட்டியது. அதை நான் குறைசொல்லவில்லை. அது வேறு வழி. இன்னொரு பக்கம், ஹைடன்ஹைமுக்கு வடக்கே சற்றுத் தொலைவில் இருக்கும் ஆலன் என்ற ஊர். அளவிலும் தொழில்வளத்திலும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் என்றே இந்த இரண்டு ஊர்களையும் சொல்லலாம். ஆலன் அணிதான் முதலில், 2012-இல், இரண்டாம் பன்டஸ்லிகாவுக்கு ஏறியது. 2015-இல் அங்கிருந்து இறங்கியது. 2017-இல் கடனைத் தாங்க முடியாமல் திவால் மனு போட்டது. அதன்பின் இன்னும் கீழே போனது. ஓர் ஊரின் கால்பந்து எவ்வளவு எளிதில் சரியும் என்பதை ஹைடன்ஹைம்காரர்கள் வெகு அருகிலிருந்து பார்த்தார்கள்.

ஹைடன்ஹைம் படிப்படியாக ஏறியது. 2008-இல், லீக் அமைப்பு மாறியதால் அப்போது நான்காம் நிலையாகியிருந்த ரீஜியனல்லிகா, 2009-இல் மூன்றாம் லிகா, அங்கே ஐந்து பருவங்கள். 2014-இல் இரண்டாம் பன்டஸ்லிகா, அங்கே ஒன்பது பருவங்கள். இந்தப் பதினான்கு பருவங்களில் ஒருமுறைகூட அணி கீழே இறங்கவில்லை. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்ததிலும் இதே நிதானம் இருந்தது. 2008-இல் கார்ல்ஸ்ரூ கழகத்தின் இரண்டாம் அணியிலிருந்து வந்த மார்க் ஷ்னாட்டரர் 2021 வரை இங்கேயே ஆடினார். நான்காம் நிலையிலிருந்து இரண்டாம் நிலை வரை அணியைத் தோளில் சுமந்தவர் அவர். கோல்காப்பாளர் கெவின் முல்லர் 2015-இல் ஷ்டுட்கார்ட்டிலிருந்தும், பின்னாளில் தலைவரான பாட்ரிக் மைன்கா 2018-இல் டார்ட்மண்டின் இரண்டாம் அணியிலிருந்தும் வந்தார்கள். பெரிய கழகங்களில் முதல் அணிக்குள் நுழைய இடம் கிடைக்காதவர்களை அழைத்துவந்து, ஆண்டுக்கணக்கில் ஒரே முறையில் பழக்கி, ஓட்டத்தாலும் பிடிவாதத்தாலும் எதிராளியைத் திணறவைப்பதே ஷ்மிட்டின் வழி.

2019-இல் ஜெர்மனி முழுவதும் இந்தப் பெயரைக் கேட்டது. ஜெர்மன் கோப்பைப் போட்டியில் லெவர்குசன் அணியை வென்று கால் இறுதிக்கு வந்த ஹைடன்ஹைம், ஏப்ரல் 3-ஆம் தேதி பயர்னை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்கொண்டது. பயர்னின் நிக்லாஸ் சூலே ஆரம்பத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். இடைவேளையில் ஹைடன்ஹைம் 2-1 என முன்னிலையில் இருந்தது. பயர்ன் மூன்று கோல்கள் போட்டு 4-2 ஆக்கியது. ராபர்ட் கிளாட்ஸல் மேலும் இரண்டு கோல்கள் போட்டு, தம் கணக்கை மூன்றாக்கி, 4-4 என்று சமன்செய்தார். கடைசியில் லெவண்டோவ்ஸ்கியின் பெனால்டியால் 5-4 எனப் பயர்ன் தப்பியது. அடுத்த ஆண்டு இன்னும் கசப்பானது. 2020-இல் இரண்டாம் பன்டஸ்லிகாவில் மூன்றாம் இடம் பிடித்த ஹைடன்ஹைம், பன்டஸ்லிகாவில் இடம் கேட்டு, அங்கே பதினாறாம் இடத்தில் முடித்த வெர்டர் பிரேமனோடு இரண்டு தகுதி ஆட்டங்கள் ஆடியது. கொரோனாக் காலம், பார்வையாளரே இல்லாத மைதானங்கள். பிரேமனில் 0-0, ஹைடன்ஹைமில் 2-2. ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல், வெளியூரில் போட்ட கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற அந்நாளைய விதியால் மட்டுமே வாய்ப்பு கைநழுவியது. அந்த இரண்டு கோல்களையும் போட்ட டிம் கிளைன்டின்ஸ்ட் பெல்ஜியத்தின் கென்ட் அணிக்குப் போய், பிறகு மீண்டும் ஹைடன்ஹைமுக்கே வந்துசேர்ந்தார். அவர் திரும்பியதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 மே 28. இரண்டாம் பன்டஸ்லிகாவின் கடைசி நாள். ரெஜன்ஸ்பர்க் மைதானத்தில் ஹைடன்ஹைம் வென்றால் பன்டஸ்லிகா. வெல்லாவிட்டால், அதே நேரத்தில் சாண்ட்ஹவுசனில் ஆடிக்கொண்டிருந்த ஹாம்பர்க் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஹாம்பர்க் 1-0 என வென்றது. ரெஜன்ஸ்பர்க்கிலோ ஹைடன்ஹைம் 0-2 எனப் பின்தங்கி, பிறகு 1-2 ஆகி, தொண்ணூறு நிமிடங்கள் முடிந்த பிறகும் அப்படியே நின்றது. சாண்ட்ஹவுசனில் ஹாம்பர்க் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். ரெஜன்ஸ்பர்க்கில் நடுவர் நீண்ட கூடுதல் நேரம் கொடுத்திருந்தார். 93-ஆம் நிமிடத்தில் ஒரு பெனால்டி. முந்தைய பருவத்தில் அதே ரெஜன்ஸ்பர்க்குக்காக ஆடியிருந்த யான்-நிக்லாஸ் பெஸ்டே அதைக் கோலாக்கினார். 2-2. சமநிலை போதாது. 99-ஆம் நிமிடத்தில், கோலுக்கு முன்னே வந்த பந்தைக் கிளைன்டின்ஸ்ட் உள்ளே தள்ளினார். அந்தப் பருவத்தில் அவருக்கு அது 25-ஆவது கோல். ஹைடன்ஹைம் மேலேறியது மட்டுமல்ல, டார்ம்ஸ்டாட் அணியோடு தலா 67 புள்ளிகளில் சமமாக நின்று, கோல் வித்தியாசத்தால் சாம்பியனும் ஆனது. 2020-இல் சில நிமிடங்களில் இழந்ததைச் சில நிமிடங்களிலேயே திரும்பப் பெற்றார்கள் என்று பலரும் எழுதினார்கள். அந்த நிமிடங்களில் களத்தில் நிலைகுலையாமல் நிற்க அவர்களுக்குப் பதினாறு ஆண்டுப் பயிற்சி இருந்தது என்பதே என் எண்ணம்.

ஃபோய்ட் அரினா எனப் பெயர்பெற்ற அவர்களுடைய மைதானம் கோட்டை மலையின்மேல், கடல்மட்டத்திலிருந்து 555 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 15,000 பேர் கொள்ளும். அது நிறைந்தால் ஊர் மக்கள்தொகையில் பத்தில் மூன்று பங்கு அங்கே இருப்பதற்குச் சமம். 2024 ஏப்ரல் 6-ஆம் தேதி அந்த மேட்டுக்குப் பயர்ன் வந்தது. இடைவேளைக்குள் 2-0 என முன்னிலையும் பெற்றது. இடைவேளை முடிந்ததும் கெவின் செஸாவும் கிளைன்டின்ஸ்டும் அடுத்தடுத்த நிமிடங்களில் கோல் போட்டுச் சமன்செய்தார்கள். கிளைன்டின்ஸ்ட் இன்னொன்றும் போட்டு 3-2 ஆக்கினார். முதல் பருவத்திலேயே கீழிறங்கிவிடும் என்று கணிக்கப்பட்ட அணி, 42 புள்ளிகளோடு எட்டாம் இடத்தில் முடித்து, ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது.

வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. அந்தக் கோடையிலேயே கிளைன்டின்ஸ்ட் மோன்ஷன்கிளாட்பாக் அணிக்கும், பெஸ்டே லிஸ்பனின் பென்ஃபிகாவுக்கும் போனார்கள். வேறொரு கழகத்திலிருந்து தற்காலிகமாக, கடனாக வந்து கோல்கள் குவித்த எரென் டின்க்சி ஃப்ரைபர்க்குக்குப் போனார். ஹைடன்ஹைம் விற்றுத்தான் வாழவேண்டும். ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்ற விதி இருப்பதால், வெளியிலிருந்து ஒரு கோடீஸ்வரர் வந்து அணியை வாங்கிவிட முடியாது. அதைத் தளர்த்தவேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விதி இல்லாவிட்டால் ஹைடன்ஹைம் போன்ற ஊர் தன் கழகத்தைத் தானே வைத்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024-25 பருவம் கடுமையாக இருந்தது. ஐரோப்பியப் போட்டியில் லண்டனின் செல்சியே இந்த மலைமேட்டுக்கு வந்து ஆடி, 2-0 என வென்று போனது. கோபன்ஹேகனை அதன் ஊரிலேயே 2-1 என வென்றபின், சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் தோற்று ஐரோப்பியப் பயணம் முடிந்தது. லீக்கில் அணி 29 புள்ளிகளோடு பதினாறாம் இடத்துக்குச் சரிந்தது. ஷ்மிட்டை நீக்கும் பேச்சைக் கழகம் எடுக்கவில்லை.

பன்டஸ்லிகா இடத்தைக் காக்கத் தகுதி ஆட்டங்களில் எதிரே வந்தது எல்வர்ஸ்பர்க். சார்லாந்து மாநிலத்தில், பக்கத்து ஊரையும் சேர்த்துப் பதின்மூவாயிரம் பேர் வாழும் கிராமத்தின் அணி. அங்கும் ஹார்ஸ்ட் ஷ்டெஃபன் என்ற ஒரே பயிற்சியாளர் 2018 முதல் இருந்து, நான்காம் நிலையிலிருந்து அணியை உயர்த்திக்கொண்டு வந்திருந்தார். ஜெர்மன் கால்பந்தின் உச்சியில் ஓர் இடத்துக்காக, இரண்டு சிற்றூர்கள், பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உழைத்த இரண்டு பயிற்சியாளர்கள். முதல் ஆட்டத்தில் 0-2 எனப் பின்தங்கிய ஹைடன்ஹைம் 2-2 என மீண்டது. மே 26-ஆம் தேதி நடந்த இரண்டாம் ஆட்டத்தில், 95-ஆம் நிமிடத்தில் பிரேசில்காரர் லியோ ஷியென்சா போட்ட கோலால் 2-1 என வென்றது. ஷ்டெஃபனை அந்தக் கோடையிலேயே வெர்டர் பிரேமன் அழைத்துக்கொண்டது. ஷ்மிட் தம் சொந்த ஊரிலேயே இருந்து, அணியின் மூன்றாவது பன்டஸ்லிகா பருவத்துக்கான பயிற்சியைத் தொடங்கினார்.