புற்றெடுத்த கரையானுக்கும் ஒரு பெயர் உண்டு

(வாசகர் கூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் காமிக்ஸின் முழு வரலாற்றையே பேசி முடித்துவிட்ட செயலாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து எங்களைப் பெருமைப்படுத்திக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற நூலகர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் தலைப்பில் பாதியைக் கொண்டுபோய்விட்ட பேராசிரியர் அவர்களே, எனக்குப் பின்னால் பேச வேண்டியிருப்பதால் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட கவிஞர் அவர்களே, கையில் மணியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நூலகர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. 'படம் போட்ட புத்தகமா, குழந்தைகள் பக்கம் தள்ளு' என்று எல்லோரும் சொன்ன காலத்தில், காமிக்ஸுக்கும் எண் போட்டு, அட்டை போட்டு, பெரியவர்களின் அலமாரியில் அடுக்கியவர் அவர். அட்டவணையில் எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரையும் சேர்த்து எழுதுவார். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். தலைவர் ஐயாவின் பெருந்தன்மையைப் பற்றியும் பேச ஆசைதான். அவரே வேண்டாம் என்று கையசைக்கிறார். சரி, நன்றியுரையில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, புதிதாக வரும் சூப்பர் ஹீரோ இதழ்களைப் பற்றி ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது. இதில் மூன்று விஷயங்கள் பேசலாம் என்றிருக்கிறேன். ஒன்று, விலையும் வேரியன்ட் அட்டைகளும். இரண்டு, பழைய ஹீரோவைப் புதிதாக மாற்றி எழுதும்போது வருகிற சண்டை. மூன்று, யாரும் பேசாத ஒரு விஷயம். அதற்கு முன்னுரையாக நம் பழமொழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னை அறிந்தவர்களுக்கு எது என்று இப்போதே தெரிந்திருக்கும். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது. (சிரிப்பு)

முதல் விஷயம். அமெரிக்காவில் புது இதழ்கள் கடைக்கு வருகிற நாள் புதன்கிழமை. பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் 2020இல் செவ்வாய்க்கு மாறிப் பார்த்தது, 2024இல் மறுபடியும் புதனுக்கே வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும். பத்துக்கு ஒன்பது, பத்துக்கு மூன்று, 'இந்தத் தொடரை இத்தோடு நிறுத்துகிறேன்'. 20 பக்கம் கதை, 4 டாலர், 5 டாலர் விலை. அதை மூன்று மாதம் சவ்வாக இழுத்தால் ரசிகனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேருகிற வழியைப் பாருங்கள். அங்கே கடைக்காரர் விற்காத இதழைப் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. இதழ் வருவதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே எத்தனை பிரதி வேண்டும் என்று கடைசிக் கணக்குச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் முதல் இதழைப் படித்துவிட்டுக் குதிக்கிறபோது, இரண்டாம் இதழின் கணக்கு ஏறக்குறைய முடிந்திருக்கும். அதனால்தான் அங்கே ரசிகன் கதையைப் படிப்பதற்கு முன்னாலேயே, அறிவிப்பு வந்த நாளிலேயே சண்டையைத் தொடங்கிவிடுகிறான். படித்த பிறகு சண்டை போட்டால் காரியத்துக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும்.

வேரியன்ட் அட்டைகளைப் பற்றி நிறைய சொல்ல வேண்டும். ஒரே இதழ், உள்ளே அதே கதை, வெளியே வகைவகையாக அட்டை. '25 பிரதி வாங்கு, அரிய அட்டை ஒன்று தருகிறோம்' என்று கடைக்காரருக்கு ஆசை காட்டுகிறார்கள். இதைக் கடைசியில் விரிவாகப் பார்ப்போம்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். ரசிகன் கருத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். ஒருமுறை இருந்தது. ஒன்றரை நாள் இருந்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

1988. பேட்மேனுக்குத் துணையாக ராபின் என்று ஒரு பையன் உண்டல்லவா? முதல் ராபின் டிக் கிரேசன் வளர்ந்து தனியாகப் போய்விட்டான். இரண்டாவதாக வந்தவன் ஜேசன் டாட். கொஞ்சம் முரட்டுப் பையன். பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. இதழாசிரியர் டென்னிஸ் ஓ'நீலின் மேஜையில் இந்தத் தலைவலி வந்து உட்கார்ந்தது. வைத்துக்கொள்வதா, தீர்த்துக்கட்டுவதா? நாமாக இருந்தால் ஒரு குழு போட்டிருப்போம், தலைவர் ஐயா, ஒரு துணைக்குழுவும் போட்டிருப்போம். (சிரிப்பு) அவர்கள் என்ன செய்தார்கள்? பேட்மேன் 427ஆம் இதழில் ஜோக்கர் அந்தப் பையனை இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டுவிட்டு, கிடங்கில் வெடிகுண்டை வைத்துவிட்டுப் போகிறான். குண்டு வெடிக்கிறது. இதழ் முடிந்தது! கடைசியில் ஒரு விளம்பரம், இரண்டு தொலைபேசி எண்கள். பையன் பிழைக்க வேண்டுமா, இந்த எண். சாக வேண்டுமா, அந்த எண். ஒரு அழைப்புக்கு 50 சென்ட்.

நினைத்துப் பாருங்கள். ஒரு பையனின் உயிர், தொலைபேசிக் கட்டணத்தில் தொங்குகிறது. வீட்டில் அப்பா இல்லாத நேரம் பார்த்து ரிசீவரைத் தூக்கியவர்கள் எத்தனை பேரோ, கட்டண ரசீது வந்த பிறகு யார் யாருக்கு முதுகு பழுத்ததோ, அந்தக் கணக்கெல்லாம் நிறுவனத்திடம் இருக்காது. அவர்களிடம் இருந்த கணக்கு இது: பிழைக்கட்டும் என்றவை 5,271 அழைப்புகள். சாகட்டும் என்றவை 5,343. வித்தியாசம் எவ்வளவு? வெறும் 72! எழுபத்திரண்டு அழைப்பில் பையன் போனான். ஒரே ஆள் கணினியை வைத்துத் திரும்பத் திரும்ப அதே எண்ணை அழைக்க விட்டதாகத் தான் கேள்விப்பட்டதாக ஓ'நீலே பின்னாளில் சொன்னார். நிரூபணம் கிடையாது. ஆனாலும் கள்ள ஓட்டுப் புகார் இல்லாத தேர்தலை யார் பார்த்தது? (பலத்த சிரிப்பு)

கதை முடியவில்லை. செத்தவன் 2005இல் திரும்பி வந்தான், ரெட் ஹூட் என்ற பெயரில், துப்பாக்கியோடு, எல்லோர் மேலும் கோபத்தோடு. கோபம் வராதா? பத்தாயிரம் அழைப்புகளில் ஓட்டெடுத்தல்லவா அவன் கதையை முடித்தார்கள்? அதுவும் போதாதென்று, ராபின் பிழைத்திருந்தால் 428ஆம் இதழ் எப்படி இருந்திருக்கும் என்ற பதிப்பையும் 2023இல் அச்சிட்டு விற்றார்கள். கொன்றும் காசு, பிழைக்க வைத்தும் காசு.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்த இதழை வரைந்தது யார்? ராபினைத் தெரியும், ஜோக்கரைத் தெரியும், 72 ஓட்டைத் தெரியும். முடிவு எதுவானாலும் அச்சுக்குப் போக வேண்டும் என்று இரண்டு விதமாகவும் வரைந்து கொடுத்த மனிதர் ஜிம் அபாரோ. மை தீட்டியவர் மைக் டிகார்லோ, நிறம் கொடுத்தவர் ஏட்ரியன் ராய் என்ற பெண்மணி, பேச்சு பலூன்களுக்குள் எழுத்து எழுதியவர் ஜான் கோஸ்டான்சா, கதை ஜிம் ஸ்டார்லின். இத்தனை பேர் சேர்ந்து ஒரு பையனைச் சாகடித்தார்கள், இவர்களில் ஒருவர் பெயரும் நம் வாயில் வராது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது.

ஆக, பேச வந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். தம்பி, மணியைக் கீழே வை.

இந்தத் தொழிலின் அஸ்திவாரமே இந்தப் பழமொழியின் மேல் கட்டியது. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்று இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனை உருவாக்கினார்கள். 1938இல் 130 டாலருக்கு உரிமை முழுவதும் கைமாறிப் போனது. அந்தத் தொகை எழுதியிருந்த காசோலைத் தாள் 2012இல் ஏலத்துக்கு வந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலர்! காசோலைக்கு வந்த விலை அதை வாங்கிய கைகளுக்கு வரவில்லை. ஷூஸ்டருக்குப் பார்வை மங்கிப்போன காலத்தில், 1975இல், நீல் ஆடம்ஸ் போன்ற ஓவியர்கள் பத்திரிகைகளில் குரல் கொடுத்த பிறகுதான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், கதையின் தலைப்பில் இருவர் பெயரும் கிடைத்தன.

பேட்மேன் கதை இதைவிட மோசம். 1939இல் பாப் கேன் வரைந்துகொண்டு வந்த முதல் படத்தில் சிவப்பு உடுப்பு, கண்ணைச் சுற்றி ஒரு சின்ன முகமூடி, முதுகில் விறைப்பான இறக்கைகள். இறக்கையை எடுத்துவிட்டு மேலங்கி போடு, தலையை மூடு, நிறத்தை இருட்டாக்கு என்று சொல்லி, முகமூடிக்குள் இருக்கிறவனுக்குப் புரூஸ் வெய்ன் என்று பெயரும் வைத்து, முதல் கதையையும் எழுதியவர் பில் ஃபிங்கர். 1974இல் செத்துப்போனார். 'பில் ஃபிங்கருடன் சேர்ந்து' என்ற இரண்டு மூன்று சொற்கள் பேட்மேன் இதழில் வந்தது 2015இல். செத்து 41 வருஷம் கழித்து! அதுவும் தானாக வரவில்லை. பேத்தியும், மார்க் டைலர் நோபிள்மன் என்ற எழுத்தாளரும் விடாமல் கேட்டதால் வந்தது. மார்வெல் நிறுவனத்தின் ஹீரோக்கள் பலரை உருவாக்கிய ஓவியர் ஜாக் கிர்பியின் குடும்பத்தோடு அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது 2014இல், வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாசல்வரை போன பிறகு.

'அதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லோர் பெயரையும்தான் போடுகிறார்களே' என்று பேராசிரியர் ஐயா முணுமுணுப்பது கேட்கிறது. நிறுவனங்கள் போடுகின்றன ஐயா. நாம் படிக்கிறோமா?

சமீபத்திய உதாரணம். 2024 அக்டோபரில் அப்சல்யூட் பேட்மேன் என்ற புதுத் தொடர் வந்தது. புரூஸ் வெய்ன் இதில் பணக்காரன் இல்லை, மாளிகை இல்லை, அம்மா உயிரோடு இருக்கிறார். உடம்பு கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிது. நெஞ்சில் இருக்கிற வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரி! அவனுடைய முதல் ஓவியம் வெளியான நாளில், 'இவன் பேட்மேனே இல்லை, மல்யுத்த வீரன்' என்று எத்தனை பேர் சீறினார்கள். இதழ் வந்தது, மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு ஓடியது, சீறியவர்களில் பலர் 'கதாசிரியர் ஸ்காட் ஸ்னைடர் கலக்கிவிட்டார்' என்று மாறிக்கொண்டார்கள். எனக்கும் பிடித்தது. ஆனால் அந்தக் கோடரியை ஓங்குகிற தோளை வரைந்தவர் நிக் டிராகோட்டா. நிறம் ஃபிராங்க் மார்ட்டின். எழுத்து கிளேட்டன் கௌல்ஸ். 'கலக்கியவர்' ஒருவரா?

அதே ஆண்டு ஜனவரியில் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்மேனைப் பாருங்கள். பீட்டர் பார்க்கருக்குக் கல்யாணமாகி, மேரி ஜேனோடு இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருக்கும்போதுதான் சிலந்திச் சக்தியே வருகிறது. 2007இல் அந்தக் கல்யாணத்தை மாயமந்திரம் போட்டு அழித்ததை இன்னும் மன்னிக்காத ரசிகர் கூட்டம் இதைக் கொண்டாடித் தீர்த்தது. அந்தக் கோபம் நியாயமா என்று தனியாகவே ஒரு நாள் பேசலாம். கொண்டாட்டத்தில் கதாசிரியர் ஜானதன் ஹிக்மன் பெயர் கேட்டது. வீட்டுக்குள் விழும் வெளிச்சத்துக்கும் ராத்திரி நகரத்துக்கும் தனித்தனி நிறம் வைத்த மேத்யூ வில்சன் பெயர் கேட்கவில்லை.

நிறம்தானே என்று சொல்பவர்கள் 2025இல் வந்த அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டரைக் கையில் எடுக்க வேண்டும். குண்டுவெடிப்பில் தப்பிய ஒரு எஃப்பிஐ அதிகாரிக்கு, மற்றவர்களின் எண்ணங்கள் வண்ணப் புகையாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. புகையின் நிறத்தை எடுத்துவிட்டால் அங்கே கதையே கிடையாது. வரைந்ததும் நிறம் கொடுத்ததும் ஹாவியர் ரோட்ரிகஸ் ஒருவரே.

எழுத்துக்காரர் நிலைமை இன்னும் பாவம். பின்வரிசைக்குத் தெரியாது, நானே சொல்கிறேன். ஒரு கட்டம். கேள்வி கேட்பவனை வலப்பக்கம் வரைந்திருக்கிறார்கள், பதில் சொல்பவன் இடப்பக்கம். ஆங்கிலமும் நம்மைப் போல இடமிருந்து வலம். அப்படியே பலூனைப் போட்டால் பதில் முதலில் வரும், கேள்வி பிறகு வரும். எழுத்துக்காரர் என்ன செய்கிறார்? கேள்வியைக் கட்டத்தின் உச்சிக்கு ஏற்றுகிறார், இடப்பக்கமாக இழுக்கிறார், வாலை மட்டும் நீட்டி வலப்பக்கத்து ஆளின் வாயைக் காட்டுகிறார். பதிலைக் கீழே இறக்கி, வில்லனின் கையை மறைக்காமல் ஓரமாகச் சொருகுகிறார். கண் தடுமாறாமல் நழுவிப் போகிறது. யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டதால் யாருமே பாராட்டுவதில்லை! தப்பாகப் போயிருந்தால் மட்டும் 'குழப்பமாக இருக்கிறது' என்று மூன்று மார்க் போடுவோம், அதையும் கதாசிரியர் தலையில் போடுவோம்.

மணி அடித்துவிட்டது. கேட்டது தம்பி, கேட்டது. கவிஞர் ஐயா மன்னிக்க வேண்டும், ஒரு தீர்மானத்தை மட்டும் முன்மொழிந்துவிட்டு இறங்குகிறேன். நம் கூடலில் புது இதழைப் பற்றிப் பேச எழுகிற எவரும், திட்டுவதானாலும் புகழ்வதானாலும், முதலில் எழுதியவர், வரைந்தவர், மை தீட்டியவர் இருந்தால் அவர், நிறம் கொடுத்தவர், எழுத்துப் போட்டவர் என எல்லோர் பெயரையும் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். நம் கூடலில் அச்சாகிற விமர்சனங்களுக்கும் இதே விதி. பெயர் விட்டுப்போன விமர்சனத்தைச் செயலாளர் அம்மையார் திருப்பி அனுப்ப வேண்டும், என்னுடையதாக இருந்தாலும். நூலகர் ஐயா வழிமொழிவதாகத் தலையசைக்கிறார். தலைவர் ஐயா, குறிப்பில் ஏற்றிவிடச் சொல்லுங்கள்.

வேரியன்ட் அட்டை பாக்கி இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் பேசட்டும். என் தலைப்பில் பாதி ஏற்கனவே அவரிடம்தானே இருக்கிறது! கவிஞர் ஐயா, மேடை உங்களுடையது. வணக்கம். (கைதட்டல்)